நாக்பூருக்கு முன்னால் கழற்றி மாட்டிய ஆக்‌ஷன்

2023 பிப்ரவரி முதல் வாரம். பார்டர்–கவாஸ்கர் கோப்பைக்காக வந்திறங்கிய ஆஸ்திரேலிய அணி, பயிற்சி ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெங்களூரை அடுத்த ஆலூரில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் கவலையில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றியது. அதனால் ஒரு காரியம் செய்தார்கள். பரோடாவைச் சேர்ந்த இளம் ஆஃப் ஸ்பின்னர் ஒருவரைத் தேடிப்பிடித்து நெட்ஸுக்கு வரவழைத்தார்கள். ஓடிவருவது, கையைச் சுற்றுவது, பந்தை விடுவது எல்லாமே அச்சு அசல் ரவிச்சந்திரன் அஸ்வின். ஸ்டீவ் ஸ்மித் உட்பட எல்லோரும் அந்த நகலுக்கு எதிராக ஆடிப் பழகினார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், அதே பெங்களூரில், அசல் அஸ்வின் தன் ஆக்‌ஷனைப் பிரித்துப் போட்டு வேறு மாதிரி மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

அப்போது அவருக்கு வயது 36. ஆடியது 88 டெஸ்ட், எடுத்தது 449 விக்கெட். இந்த இடத்தில் இருக்கும் ஒரு பந்துவீச்சாளர், ஆஸ்திரேலியத் தொடர் வாசலில் நிற்கும்போது, தன் ஆக்‌ஷனில் கை வைக்க மாட்டார். வைக்கச் சொன்னால் சொன்னவரை ஒரு மாதிரி பார்ப்பார்.

காரணம் முழங்கால். 2022 டி20 உலகக் கோப்பையின்போதே, பந்தை விடும் நேரத்தில் ஊன்றுகிற காலின் முட்டி நிலை தடுமாற ஆரம்பித்திருந்தது. டிசம்பரில் பங்களாதேஷ் போனபோது, இரண்டாவது டெஸ்ட்டில் வலி பிடித்துக்கொண்டது. அந்த மிர்பூர் டெஸ்ட்டை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும்: 145 ரன் துரத்தி 74-க்கு 7 என்று விழுந்துகிடந்த அணியை, ஸ்ரேயஸ் ஐயரோடு நின்று 42 ரன் அடித்து ஜெயிக்க வைத்தவர் அவர்தான். ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். ஊர் திரும்பியதும் மனைவியிடம், வரப்போகும் ஆஸ்திரேலியத் தொடர் தன் கடைசித் தொடராக இருக்கலாம் என்று சொன்னதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். பெங்களூரில் முட்டிக்கு ஊசி. அதோடு ஒரு முடிவு: 2013-14 வாக்கில் வீசிய பழைய ஆக்‌ஷனுக்கே திரும்புவது. மூன்று நான்கு நாள் அதில் வீசிப் பார்த்தார். பிறகு நேராக நாக்பூர், தொடரின் முதல் டெஸ்ட்.

முதல் இன்னிங்ஸில் 42 ரன்னுக்கு 3, அதில் 450-வது விக்கெட்டும் சேர்த்தி. இரண்டாவது இன்னிங்ஸில் 37 ரன்னுக்கு 5. ஆஸ்திரேலியா 91 ரன்னில் சுருண்டது. தொடர் முடிந்தபோது அவர் கணக்கில் 25 விக்கெட், ஜடேஜாவோடு பகிர்ந்துகொண்ட தொடர் நாயகன் விருது.

இந்த ஆய்வுக்கு எனக்குத் தேவைப்படுவது அந்த மூன்று நான்கு நாட்கள்தான். 449 விக்கெட் வாங்கிக் கொடுத்த ஒன்றை ஒரு மனிதர் எப்படி அவ்வளவு லேசாகக் கழற்றி வைக்கிறார்? அது துணிச்சலா, வேறு வழியில்லாமையா, பழக்கமா? பழக்கம் என்பதுதான் என் கட்சி. அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஆக்‌ஷனை மாற்றுவது என்றால் என்ன

டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஆக்‌ஷன் என்றால் கை சுற்றுவது. வீசுகிறவனுக்கு அது கால். வலதுகை ஆஃப் ஸ்பின்னர் கிரீஸை நோக்கி வந்து ஒரு சின்னக் குதி குதிப்பார். வலது கால் பின்னால் இறங்கும், அடுத்த நொடியில் இடது கால் முன்னால் ஊன்றும். அந்த இடது கால் ஒரு கம்பம் மாதிரி நிற்க, மொத்த உடம்பும் அதைச் சுற்றித் திரும்பும். ஆள்காட்டி விரல் தையல் மேல் பந்தைத் திருகி விடுவது அதற்குப் பிறகுதான். கம்பம் ஆடினால் எல்லாம் ஆடும். முட்டி அரை அங்குலம் மடங்கினால் தலை இடதுபக்கம் சாயும். தலை சாய்ந்தால் பந்து விடும் இடம் மாறும், அது மாறினால் நாலு விரற்கடை முன்னால் விழ வேண்டியது பின்னால் விழும். பேட்ஸ்மேனுக்கு அந்த வித்தியாசம் போதும், பின்கால் போட்டு வெட்டிவிடுவான்.

முப்பது வருஷம் போட்ட கையெழுத்தை ஒரு வாரத்தில் மாற்றிக்கொண்டு, அதே வங்கியில் அதே காசோலையை நீட்டிப் பணம் வாங்குவது போலத்தான் இது. வங்கியில் பணம் கொடுக்க மாட்டார்கள். அஸ்வினுக்கு நாக்பூரில் கொடுத்தார்கள். ஏனென்றால் அந்தப் பழைய கையெழுத்தும் அவருடையதே. பத்து வருஷத்துக்கு முன் போட்டுப் பழகியது, எங்கோ உள்ளே பத்திரமாகக் கிடந்திருக்கிறது.

சொடக்கு

மேற்கு மாம்பலத்துப் பையன், அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், லீக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். பையன் பத்ம சேஷாத்ரியிலும் செயின்ட் பீட்ஸிலும் படித்தான், எஸ்எஸ்என் கல்லூரியில் ஐடி இன்ஜினியரிங் முடித்தான். தொடக்க ஆட்டக்காரனாக, மித வேகம் வீசுகிறவனாக ஆரம்பித்தவன், பள்ளிப் பருவத்தில் இடுப்பில் பட்ட காயத்தால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்துவிட்டு எழுந்தபின் ஆஃப் ஸ்பின் பக்கம் வந்தான். இதெல்லாம் பல முறை எழுதப்பட்டுவிட்டது, வேகமாகத் தாண்டிவிடலாம். நிற்க வேண்டிய இடம் டென்னிஸ் பால்.

சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்களுக்குச் 'சொடக்கு பால்' தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பந்தைப் பிடித்து, நடுவிரலை மடக்கிப் பந்தின் பின்பக்கம் வைத்து, விடும்போது அந்த விரலால் சொடக்குப் போடுவது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற அதே வேலை. டென்னிஸ் பந்து லேசானது, அமுங்கும், அதனால் விரலுக்குப் படியும். அஸ்வின் அதைத் தெருவில் கற்று, தையல் வைத்த தோல் பந்துக்குக் கொண்டுபோனார். 156 கிராமுக்குக் குறையாத கெட்டிப் பந்து. முயற்சி பண்ணிப் பாருங்கள், பத்தாவது பந்தில் நடுவிரல் நகக்கண்ணில் நோவு எடுக்கும். நான் சனி ஞாயிறு காலையில் பையன்களுக்கு ஆஃப் ஸ்பின் சொல்லிக்கொடுக்கிறவன். புதிதாக வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் நாளே கேட்பது இதைத்தான்: "சார், சொடக்கு எப்ப சார் சொல்லித் தருவீங்க?" ஆஃப் ஸ்பின்னின் அடிப்படைப் பந்தான ஆஃப் பிரேக் ஒழுங்காக மூன்று பந்து ஒரே இடத்தில் விழாது, ஆனாலும் சொடக்கு வேண்டும்.

அந்தப் பந்து ஒன்றும் சென்னையின் கண்டுபிடிப்பு இல்லை. 1950-51 ஆஷஸில் ஜாக் ஐவர்சன் என்ற ஆஸ்திரேலியர் இதே மாதிரி விரலை மடக்கிச் சுண்டி 21 விக்கெட் எடுத்திருக்கிறார். அவர் பழகியது டேபிள் டென்னிஸ் பந்தில். 2008-இல் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் தொடரில், மூன்றே டெஸ்ட்டில் 26 விக்கெட் எடுத்தபோது உலகமே கேரம் பாலைப் பற்றிப் பேசியது. டிராவிட், லட்சுமண், சச்சின், கங்குலி இருந்த வரிசை அது. அந்த மெண்டிஸ் மொத்தத்தில் ஆடியது 19 டெஸ்ட், 70 விக்கெட். காயங்களும் இருந்தன, ஆனால் முக்கியமாக, பேட்ஸ்மேன்கள் அவர் கையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மெண்டிஸை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அஸ்வினும் அந்த வழியிலேயே போயிருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2010 சாம்பியன்ஸ் லீகில் விக்டோரியாவுக்கு எதிராக சூப்பர் ஓவரில் 23 ரன் கொடுத்துத் தோற்றார், அதே போட்டியில் தொடர் நாயகனும் ஆனார். 2011 ஐபிஎல் இறுதியாட்டத்தில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரின் நாலாவது பந்தில் கெயிலை முட்டையில் அனுப்பினார். தெருவில் கற்ற வித்தையும் துணிச்சலும் இருந்தால் டி20-யில் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அந்த வருஷம் நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட், ஒன்பது விக்கெட். அதே தொடரில் மும்பையில் சதமும் ஐந்து விக்கெட்டும். எல்லாம் சீக்கிரமாக, எளிதாக வந்தன.

ஜோகன்னஸ்பர்க், 42 ஓவர்

முதல் எச்சரிக்கை 2012-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்து இங்கே வந்து 2-1 என்று தொடரை வென்றது. ஸ்வானும் பனேசரும் நம் மண்ணிலேயே நம் ஸ்பின்னர்களைவிட நன்றாக வீசினார்கள். நான்கு டெஸ்ட்டில் அஸ்வின் எடுத்தது 14 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் சராசரி 52 ரன்னுக்கு மேல். ஆனால் அடுத்த சில மாதத்தில் ஆஸ்திரேலியா வந்தது, 29 விக்கெட் அள்ளினார், எச்சரிக்கை மறந்துபோனது. 2013 நவம்பரில், சச்சினின் கடைசி டெஸ்ட்டில், தன் 18-வது டெஸ்ட்டிலேயே 100 விக்கெட்டைத் தொட்டார். அதற்கு முந்தைய டெஸ்ட்டில் 124 ரன் வேறு.

ஐந்து வாரம் கழித்து ஜோகன்னஸ்பர்க். 458 ரன் இலக்கு. ஐந்தாவது நாள் ஆடுகளம். டூ பிளெஸ்ஸியும் டிவில்லியர்ஸும் சதம் போட்டார்கள், தென்னாப்பிரிக்கா 7 விக்கெட்டுக்கு 450 வரை வந்து நின்றது. அஸ்வின் அந்த இன்னிங்ஸில் 36 ஓவர் வீசினார். 83 ரன், விக்கெட் பூஜ்யம். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 42 ஓவர், 108 ரன், பூஜ்யம். ரன் கணக்கைப் பார்த்தால் மோசமாக வீசியதாகவே தெரியாது, ஓவருக்குச் சுமார் இரண்டரை ரன்தான் போனது. ஆனால் கடைசி நாளில் ஒரு ஸ்பின்னரை அணியில் வைத்திருப்பது எதற்காகவோ, அது நடக்கவில்லை. அடுத்த டெஸ்ட்டில் டர்பனில் அவர் இடத்தில் ஜடேஜா வந்தார், ஆறு விக்கெட் எடுத்தார். அஸ்வின் தொடர்ந்து ஆறு டெஸ்ட்டில் வெளியே உட்கார்ந்தார். திரும்ப வந்தது 2014 ஆகஸ்டில், ஓல்ட் டிராஃபோர்டில்.

இந்த ஏழெட்டு மாதத்தில் அவர் செய்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பங்களாதேஷில் நடந்த ஆசியக் கோப்பை. அரைக்கை சட்டை போடுகிற அஸ்வின் திடீரென்று முழுக்கை சட்டையில் வந்தார். ஆக்‌ஷன் வெஸ்ட் இண்டீஸ் ஸ்பின்னர் சுனில் நரைனுடையது மாதிரி இருந்தது. பார்த்தவர்களுக்கு யாரோ வேஷம் கட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நரைனுக்கு இயல்பாக வருவதை ஒருவர் நாலு வாரத்தில் உடம்பில் ஏற்றிக்கொள்ள முடியாது. அந்த வேஷம் சீக்கிரமே கலைந்தது.

மற்றொன்று, சென்னைக்கு வந்து தன் பழைய பயிற்சியாளர் சுனில் சுப்பிரமணியத்திடம் போனது. தமிழ்நாட்டு இடதுகை ஸ்பின்னர், சின்ன வயதிலிருந்து அஸ்வினின் பந்துவீச்சைப் பார்த்தவர். அங்கே புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. வித்தைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஆஃப் பிரேக்கை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். உடம்பு முழுக்கப் பந்துக்குப் பின்னால் வருகிறதா, பந்து காற்றிலேயே பேட்ஸ்மேனை ஏமாற்றுகிறதா, விழுந்தபின் கடிக்கிறதா. அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் அடிலெய்டு டெஸ்ட்டுக்கு அவரை எடுக்கவில்லை, லெக் ஸ்பின்னர் கர்ண் சர்மா ஆடினார். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் வெறும் ஆஃப் பிரேக்கை வைத்துக்கொண்டு 12 விக்கெட் எடுத்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை.

2015 ஆகஸ்டில் இலங்கை. காலேயில் பத்து, தொடரில் 21 விக்கெட். அது சங்கக்காராவின் கடைசித் தொடர், ஆடிய நான்கு இன்னிங்ஸிலும் அவரை வெளியேற்றியது அஸ்வின். அடுத்து தென்னாப்பிரிக்கா இங்கே வந்தது: நான்கு டெஸ்ட், 31 விக்கெட், சராசரி 11 சொச்சம். ஜோகன்னஸ்பர்க்கில் 42 ஓவரில் ஒரு விக்கெட் கொடுக்காத அதே அணி.

சொடக்கு எங்கே போயிற்று? போகவில்லை. ஓவருக்கு இரண்டு மூன்று வந்தது, எப்போதாவது ஒன்று என்று ஆனது. பேட்ஸ்மேன் பத்து ஓவர் ஆஃப் பிரேக்கை ஆடிக் கை பழகியபின் வந்து விழுகிற ஒரே ஒரு சொடக்கு எப்படிப்பட்டது என்பதை, கேரம் ஆடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, தன்னைத் தொடர்ந்து மேம்படுத்திக்கொள்வது என்றால் கூடையில் போட்டுக்கொண்டே போவது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வருஷத்தை அவர்களுக்குக் காட்டுவேன். நரைன் சட்டையும் மேம்பாட்டு முயற்சிதான், சுனில் சுப்பிரமணியத்திடம் போனதும் மேம்பாட்டு முயற்சிதான். முதலாவது பயத்தில் எடுத்த ஓட்டம். இரண்டாவதில் ஒருவர் உட்கார்ந்து தன் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

மூன்று பந்து, மூன்று ஆக்‌ஷன்

2016-இல் ஐசிசியின் சிறந்த வீரர், 2017-இல் 54 டெஸ்ட்டில் 300 விக்கெட் என்ற உலக சாதனை. இந்த உயரத்தில் நின்றுகொண்டு அவர் செய்தது என்ன தெரியுமா? இங்கிலாந்தில் கவுன்டி ஆடிவிட்டு வந்து, சென்னையில் கிளப் கிரிக்கெட்டில் போய் ஆக்‌ஷனை எளிமையாக்கிக்கொண்டிருந்தார். கையின் தேவையில்லாத சுற்றைக் குறைத்து, உடம்பின் விசையைப் பந்துக்குள் அதிகம் கொண்டுவருவது நோக்கம். அதன் பலன் 2018 ஆகஸ்டில் எட்ஜ்பாஸ்டனில் தெரிந்தது. முதல் நாள் காலையிலேயே பந்து கையில் வந்தது. அலஸ்டர் குக், இடதுகை. பந்து உள்ளே வருவது போலக் காற்றில் மிதந்து, குக் அதை நம்பிக் காலை நீட்டியபின், விழுந்து வெளியே திரும்பி மட்டையின் ஓரத்தைத் தாண்டி ஆஃப் ஸ்டம்ப்பைத் தட்டியது. இரண்டாம் நாளின் கடைசிப் பந்தில் மறுபடி அதே குக், அதே போல போல்டு, இந்தமுறை ரன் எதுவும் இல்லாமல். அந்தக் காணொளியை என் பையன்களுக்குக் காட்டும்போது சொடக்கு கேட்கிற சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும்.

பிறகு உடம்பு பிடித்துக்கொண்டது. சவுத்தாம்ப்டனில் இடுப்புப் பகுதி வலியோடு வீசினார். எதிர்முனையில் மொயீன் அலி ஒன்பது விக்கெட் எடுக்க, இவருக்கு மூன்று. இந்தியா 60 ரன்னில் தோற்றது, பழி இவர் மேல். அந்த ஆண்டு டிசம்பரில் அடிலெய்டில் ஆறு விக்கெட் எடுத்தார், அடிவயிற்றுத் தசை பிடித்து மற்ற ஆட்டங்களை இழந்தார். சிட்னியில் குல்தீப் ஐந்து விக்கெட் எடுத்ததும், இனி வெளிநாட்டில் குல்தீப்தான் நம் முதல் ஸ்பின்னர் என்று பயிற்சியாளர் சாஸ்திரி சொன்னார். 2018-க்கும் 2020-க்கும் இடையில் பல தடவை ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அஸ்வின் பின்னர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பேட்டியில் அவர் ஒரு ஓவரை விவரிக்கிறார். அதை நான் பல முறை படித்திருக்கிறேன். முட்டி வலிக்கும், அதனால் அடுத்த பந்துக்குக் குதிப்பதைக் குறைப்பார். குதி குறைந்தால் விசை முதுகு, தோள், நடு உடம்பிலிருந்து வர வேண்டும், உடனே இடுப்பு வலி எடுக்கும். அதற்காக மூன்றாவது பந்துக்கு உடம்பை அதிகமாகப் பக்கவாட்டில் திருப்பி இடுப்பால் சமாளிப்பார். ஆறு பந்து முடியும்போது மூச்சு வாங்கும். ஓவருக்கு ஓவர் ஆக்‌ஷன் மாறுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே ஓவருக்குள், பந்துக்குப் பந்து மாற்றிக்கொண்டு டெஸ்ட் ஆடியவரை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

நாக்பூரில் அவ்வளவு சுலபமாக ஆக்‌ஷன் மாறியதன் வேர் இங்கேயும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் அவர் உடம்பு அவருக்கு ஒரு கொடூரமான பாடத்தைப் பல ஆயிரம் பந்துகளில் நடத்தியிருந்தது: குதியைக் குறைத்தால் என்ன ஆகும், இடுப்பைத் திருப்பினால் என்ன ஆகும், எதை விட்டால் எதைப் பிடிக்கலாம்.

ஸ்மித்தின் கையும் விஹாரியின் காதும்

2020 ஊரடங்கு. எல்லோரும் வீட்டில் இருந்தபோது அவர் ஆஸ்திரேலியத் தொடருக்கான காணொளிகளை மணிக்கணக்காகப் பார்த்தார், முக்கியமாக ஸ்மித்தை. டிசம்பரில் அடிலெய்டில் ஸ்மித் 1 ரன்னில் ஸ்லிப்பில் ரஹானே கையில். மெல்போர்னில் லெக் பக்கம் புஜாராவை நிறுத்தி வைத்து, ரன் எடுக்கும் முன்பே அங்கே பிடிக்க வைத்தார். சிட்னியில் இரண்டாவது இன்னிங்ஸில் 81 அடித்தபின் எல்பிடபிள்யூ. ஆஸ்திரேலிய மண்ணில் ஸ்மித் ஒரு ஆஃப் ஸ்பின்னரிடம் இப்படி மாட்டுவார் என்று அந்த வருஷம் தொடக்கத்தில் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதே சிட்னியில் கடைசி நாள், நிமிர்ந்து நிற்க முடியாத முதுகுவலியோடு 128 பந்து நின்றார். தொடைத் தசை கிழிந்த விஹாரி மறுமுனையில். அவர் ஆந்திரக்காரர், ஆனால் சென்னை லீகில் ஆடித் தமிழ் பழகியவர். ஸ்டம்ப் மைக் வழியாக உலகம் முழுக்கக் கேட்டது சுத்தமான மெட்ராஸ் தமிழ்: பத்துப் பத்துப் பந்தாகப் பிரித்து ஆடலாம் என்ற கணக்கு. 42.4 ஓவர் பிரியாமல் நின்று ஆட்டத்தை டிரா செய்தார்கள். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 106 ரன்னும் எட்டு விக்கெட்டும். கடைசி ஆட்டக்காரர் சிராஜ், அந்தச் சதத்துக்குத் தன் சதம் போலத் துள்ளிக் குதித்ததை மறக்க முடியாது.

பலிக்காதவை

எல்லா மாற்றமும் பலித்ததாக எழுதினால் அது ஆய்வாக இருக்காது, ரசிகர் மன்ற நோட்டீஸாகத்தான் இருக்கும்.

2017-இல் சாம்பியன்ஸ் கோப்பைக்குப் பிறகு ஒருநாள், டி20 அணிகளிலிருந்து அவர் நழுவினார். குல்தீப், சாஹல் என்று மணிக்கட்டுச் சுழல்காரர்கள் வந்தார்கள். உடனே இவரும் ஆஃப் பிரேக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் லெக் பிரேக் வீசப் பழகினார், 2018 ஐபிஎல்லில் பஞ்சாப் தலைவராக இருந்தபோது நிறையவே வீசினார். என் கணிப்பில் அது நரைன் சட்டையின் தம்பி. லெக் பிரேக் வீசத் தெரிந்த ஆஃப் ஸ்பின்னர் என்பது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். இந்திய அணியின் கதவு அதற்காகத் திறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து 2021 டி20 உலகக் கோப்பைக்கு அவரைக் கூப்பிட்டது ஆஃப் ஸ்பின்னுக்காக.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. தன்னை எவ்வளவு செதுக்கினாலும், பதினோரு பேர் பட்டியலை எழுதுவது வேறொருவர். 2021 இங்கிலாந்தில், சர்ரேக்காக ஒரு இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துவிட்டு டெஸ்ட் தொடருக்குக் காத்திருந்தார். நான்கு டெஸ்ட் நடந்தது, ஒன்றில்கூட எடுக்கவில்லை. 2023 ஜூனில், நாக்பூர் முடிந்து நாலே மாதத்தில், ஓவலில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெஸ்ட் பந்துவீச்சாளர் தண்ணீர் பாட்டில் தூக்கினார். ஆடுகளத்தில் புல், மேலே மேகம், ஒரே ஸ்பின்னர்தான், அதுவும் பேட் செய்கிற ஜடேஜா. வாதம் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்திரேலிய வரிசையில் இடதுகைக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர் எடுத்த 537 விக்கெட்டில் பாதி இடதுகைக்காரர்கள். ஸ்டோக்ஸை மட்டும் 13 முறை, வார்னரை 11 முறை.

இந்த இடத்தில் அவர் மனநிலையைத் 'தளராத உறுதி' என்றெல்லாம் பூசி மெழுக நான் விரும்பவில்லை. வலித்திருக்கிறது, அவரே சொல்லியிருக்கிறார், சில நேரம் கசப்பாகவும் சொல்லியிருக்கிறார். கசப்போடுதான் மறுநாள் நெட்ஸுக்குப் போயிருக்கிறார். பேட்டைப் பிடிக்கும் நிலையை மாற்றினார். 2022 ஐபிஎல்லில் ராஜஸ்தானுக்காக மூன்றாவது ஆளாக இறங்கினார். அதே ஐபிஎல்லில், அடிக்கத் தெரிந்த ஆள் வரட்டும் என்று நடு ஆட்டத்தில் தானாக ரிட்டயர்டு அவுட் ஆனார். ஐபிஎல்லில் அதை முதலில் செய்தவர் அவர். 2024 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் தலைவராக மேல்வரிசையில் இறங்கிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் விட்ட இடம்.

38

2024 செப்டம்பர் 17 அவருக்கு 38 நிறைந்தது. இரண்டு நாள் கழித்து சேப்பாக்கத்தில் பங்களாதேஷ் டெஸ்ட். 144-க்கு 6 என்று நின்றபோது உள்ளே வந்து 113 அடித்தார், ஜடேஜாவோடு சேர்ந்து 199. நாலாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6. சொந்த ஊர், சொந்த மைதானம், அப்பா கேலரியில்.

அடுத்த மாதமே நியூசிலாந்து வந்து 3-0 என்று நம்மைத் துடைத்துவிட்டுப் போனது. அஸ்வினுக்கு மூன்று டெஸ்ட்டில் ஒன்பது விக்கெட், ஒவ்வொன்றும் 41 ரன் விலை. 2012-இல் இங்கிலாந்திடம் தோற்றபின் சொந்த மண்ணில் வரிசையாக 18 தொடர் வென்ற அணி தோற்ற முதல் தொடர் அது. முதல் தோல்வியிலும் இருந்தார், கடைசித் தோல்வியிலும் இருந்தார், நடுவில் இருந்த பதினெட்டிலும் இருந்தார்.

டிசம்பர் 18, பிரிஸ்பேன். மழையில் டிரா ஆன ஆட்டம் முடிந்ததும் ரோஹித்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றோடு சரி என்றார். தொடர் பாதியில் இருந்தது. 106 டெஸ்ட், 537 விக்கெட், 3,503 ரன், ஆறு சதம், பதினோரு தொடர் நாயகன் விருது. முரளிதரனிடம் இருப்பதும் பதினொன்றுதான். அடுத்த நாள் காலை சென்னை வந்துவிட்டார்.

2025 ஆகஸ்டில் ஐபிஎல்லையும் விட்டார். செப்டம்பரில் சிட்னி தண்டர் அணி பிக் பாஷுக்கு அவரை எடுத்தது. 39 வயதில், இதுவரை ஆடாத ஒரு லீக். சென்னையில் அதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது முழங்காலில் அடிபட்டது, அறுவை சிகிச்சை அளவுக்குப் போனது, நவம்பரில் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். போன வாரம் என் நெட்ஸில் ஒரு பையன் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு கேட்டான், "ரிட்டயர் ஆனப்புறம் எதுக்கு சார் பிராக்டிஸ்?" பந்தை அவன் கையில் கொடுத்து, ஆஃப் பிரேக் போடுடா என்றேன்.